மொசைக் ஓவியத்துக்குச் ‘சில்லோவியம்’: என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். சிறு துண்டுகளைப் பதித்து உருவாக்கும் மொசைக் ஓவியத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசி வருகிறோம். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளிச் சுற்றுச்சுவரில் பிள்ளைகளோடு மொசைக் வேலை தொடங்கியிருக்கிறோம். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த நாள்தான் படம். தாடியை மழி, நெற்றிக்குறியை அழி, புதுத் தலைப்பாகை அணி என்ற கட்டளைகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. அதனால் அந்தத் தலைப்பாகைதான் சுவரின் நடுவில் வருகிறது.

சிக்கல் பெயரில்தான். ‘மொசைக்’ என்றதும் கொத்தனார் தேய்க்கிற மெஷின் எப்போது வரும் என்று கேட்டார். நம் வீடுகளில் அந்தச் சொல் கல்துகள் கலந்து தேய்த்த தரைக்கே நிலைத்துவிட்டது.

இங்கே வந்த சொற்களில் ‘ஒட்டுச்சித்திரம்’ காகிதம் ஒட்டும் கொலாஜுக்குத்தான் பொருந்தும். ‘பதிகல் ஓவியம்’ அழகான சொல். ஆனால் எங்கள் சுவரில் கல்லே குறைவு. தெருக்காரர்கள் தந்த உடைந்த தட்டு, வளையல், மீந்த டைல்ஸ்தான் அதிகம். படத்தில் வரும் கோட்டை அகழியின் தண்ணீர் முழுக்கக் கரிகிரி ஊர் மண்பாண்டங்களின் பளபளப்பான ஓடுகள். கல் என்று சொன்னால் இவர்கள் தந்ததெல்லாம் பெயரிலிருந்து விழுந்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் பிள்ளைகள் ‘சில்லு’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லு தேடியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். துண்டு சில்லு, படம் சில்லோவியம். கதவு + அழகு கதவழகு ஆவது போலப் புணர்ச்சியும் இயல்பாகவே அமைகிறது.

இன்னொரு சொல்லும் தேவை. சில்லு வரிசைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதில்தான் படத்துக்கு உயிர் வருகிறது. தலைப்பாகையில் முதலில் நேர்வரிசையாக ஒட்டினோம், பலகை மாதிரித் தட்டையாகத் தெரிந்தது. பெயர்த்துவிட்டுத் துணி சுற்றும் வளைவிலேயே வைத்தோம். தலை உருண்டு வந்தது! இத்தாலியர் இதை ‘அந்தாமென்டோ’ என்பார்கள். நான் ‘வரிப்போக்கு’ என்கிறேன்.

தாளில் தலைகீழாக ஒட்டிப் பிறகு சுவரில் திருப்பிப் பதிப்பது ‘கவிழ்ப்புமுறை’. சரி, இதில் சண்டை வராது.

இடைவெளியில் பூசும் சாந்துக்குத்தான் தடுமாறுகிறேன். ‘சந்துச்சாந்து’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. ‘இடுக்குச்சாந்து’ பரவாயில்லையா? அடுத்த வாரம் பூச்சு தொடங்குகிறது. அதற்குள் உங்கள் சொற்களை அனுப்புங்கள், கொத்தனாரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.