மீதி நாலு எங்கிருந்து வந்தது? செட்டிநாட்டுப் பக்கம் கணினி நிரல் சொல்லிக்கொடுத்தவர்களின் அனுபவங்கள்

காரைக்குடி மிஸ்

பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. சி++ நிரல் மொழி ஆரம்பித்து மூன்றாவது நாள். போர்டில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள். "ஏம்மா எழுதல?" என்றேன்.

"இது பொய் மிஸ். ரெண்டு பக்கமும் எக்ஸை எடுத்துட்டா பூஜ்யம் சமம் ஒன்னுன்னு வருது."

வகுப்பே சிரித்தது. எனக்குப் போர்ஷன் முடிக்கிற அவசரம். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான், எக்ஸ் ஒரு பெட்டின்னு நெனச்சுக்கோ, எழுது" என்றேன். எழுதிக்கொண்டாள், அதோடு சரி. மறுவருஷம் பைத்தான் மொழியும் நான்தான் எடுத்தேன். பள்ளியை விட்டுப் போகும்வரை அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொதுத்தேர்வில் நல்ல மார்க்தான் வாங்கினாள். ஆனாலும் அந்த மூடி வைத்த பேனா இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அவள் சொன்னது சரிதானே? கணக்கில் அந்த = குறி இரண்டும் ஒன்று என்கிறது. நிரலில் அதே குறி "வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வை" என்று வேலை ஏவுகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

தேவகோட்டை டியூஷன்

உங்கள் பேனா மாதிரி எனக்கு ஒரு சாய்வு நாற்காலி.

ஒரு வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) சாயங்கால வகுப்பு. ஒன்பதாவது படிக்கிற பையன், மடிக்கணினியில் பைத்தான். ஆறேழு அடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் அவனுடைய ஐயா (தாத்தா). எண்பதைத் தாண்டியவர், இளவயதில் மலேயாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) இருந்து அடுத்தாள்வரை (மேலாளுக்கு அடுத்த இடம்வரை) உயர்ந்தவர். நான் பேசுவது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அன்றைக்குக் கூட்டல். பையன் 0.1 + 0.2 என்று தட்டினான். 0.30000000000000004 என்று வந்தது. "ஐயா, தப்பாக் கூட்டுது" என்று கத்தினான். பெரியவர் எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு சுழியாக எண்ணினார். மூன்றுக்கு அப்புறம் பதினைந்து சுழி. என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, மீதி நாலு எங்கிருந்து வந்துச்சு?"

நான் சொன்னது: "அது ரொம்பச் சின்னது ஐயா, கண்டுக்கிறதில்லை, ரவுண்டு பண்ணிக்கலாம்."

"ஐந்தொகைக் கணக்குல ஒரு சல்லி இடிச்சாலும் மேலாள் ராத்திரி தூங்க விடமாட்டாரு" என்றார். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்து யோசித்தேன். கணினி இரண்டின் அடுக்குகளில்தான் பின்னத்தை வைக்கிறது: அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), இப்படி. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப்போனால் 0.333 என்று முடியாமல் ஓடுகிறதே, அதேபோலப் பத்தில் ஒன்று இரண்டடிமானத்தில் (0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) முடியாமல் ஓடும். ஏதாவது ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டில் வந்ததுதான் அந்த நாலு. ஆனால் ரூபாய்க்கு 16 அணா என்று போட்டுப் பாருங்கள். மூன்றணா 0.1875, இரண்டணா 0.125, கூட்டினால் 0.3125. ஐந்தணா, ஒரு சுழி மிச்சமில்லாமல்! 1957 ஏப்ரலில் வந்த புதுப் பைசாவில்தான் இயந்திரம் தடுக்குகிறது. பெரியவர் படித்த அணாக் கணக்கில் அது தடுக்குவதே இல்லை. (மா, காணி என்ற பழைய பின்னங்களுக்குப் போனால் அங்கும் தடுக்கும். 1/20, 1/80 ஆயிற்றே.)

இதை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் நான் ஊரில் இல்லை, அதற்குள் குடும்பமே சென்னைக்குப் போய்விட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது.

கோட்டையூர்க்காரன்

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

காரைக்குடி மிஸ், பெட்டி உவமையை விட்டுவிடுங்கள். நானும் பெட்டி என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அ = 5, ஆ = அ என்று எழுதியதும் ஒரு பிள்ளை, "அப்போ அ பெட்டி காலியா சார்?" என்றது. பெட்டியிலிருந்து எடுத்தால் பெட்டி காலிதானே, அதன் மேல் என்ன குற்றம்? கரும்பலகையில் மூலையில் ஒரு கட்டம் போடுங்கள். அதைப் பார்த்து எழுதினால் கட்டத்தில் இருப்பது குறையாது, புதிதாக எழுத வேண்டுமென்றால் பழையதை அழித்தாக வேண்டும். நிரலில் 'மாறி' (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்பது இவ்வளவுதான். எக்ஸ் = எக்ஸ் + 1 என்பதைப் பேரேட்டு வரி போல வாசிக்கச் சொல்லுங்கள்: நேற்றைய இருப்போடு இன்றைய வரவைக் கூட்டி இன்றைய இருப்பில் எழுது. உங்கள் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலிலேயே நெறிமுறை (அல்காரிதம்) பகுதியில் := என்ற குறிதான் இருக்கிறது. 1970இல் வந்த பாஸ்கல் மொழியும் இந்தக் குழப்பம் வராமல் அதையே வைத்துக்கொண்டது. அந்தப் பாடப்பகுதியைப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு வெறும் = பொய்யாகத்தான் தெரியும்.

தேவகோட்டையாரே, ஒன்பதாவது பையனுக்கு முதல் வாரத்திலேயே தசமம் எதற்கு? பணம் என்றால் பைசாவாக்கி முழு எண்ணில் வைக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் மென்பொருளிலும் அதுதான் நல்ல வழக்கம். என்னைக் கேட்டால் முதல் வாரம் கணினியே வேண்டாம். கோலம் போதும். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்ற ஒரு வரியைக் கேட்டதும் மார்கழியில் எந்த வீட்டுப் பெண்ணும் வாசலில் முழுக்கோலத்துக்கும் புள்ளி வைத்துவிடுகிறாள். எங்கே தொடங்குவது, வரிசைக்கு எத்தனை குறைப்பது, எங்கே நிறுத்துவது, மூன்றும் அதில் இருக்கின்றன. நிரலில் மடக்கு (லூப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றால் அதுதான். ஊடுபுள்ளியில் ஒவ்வொன்றாகக் குறையும், நேர்ப்புள்ளியில் 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறையும். 1974இலேயே கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினியியல் ஆய்வாக வெளியிட்டார்கள். நம் வாசலில் இருப்பதை நாம்தான் வகுப்புக்குள் கொண்டுபோவதில்லை.

தேவகோட்டை டியூஷன்

தசமத்தை நான் எடுக்கவில்லை, பையன் தானாகத் தட்டினான். தட்டத்தான் செய்வார்கள்.

ஆத்தங்குடிப் பக்கத்து வாத்தியார்

கோலம் சரி. ஆனால் எதைக் கொடுத்தாலும் நாம் நினைத்த விடை மட்டும்தான் வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? நான் அப்படித்தான் இருந்தேன்.

எட்டாம் வகுப்பு. "தேநீர் போடும் படிகளை எழுதுக." எல்லாரும் பத்து வரி எழுதினார்கள். ஒருவன் மட்டும் தேநீரைத் தொடவே இல்லை. தரை ஓடு செய்வதை எழுதியிருந்தான், அப்பாவுக்கு ஓட்டுப் பட்டறையில் வேலை. கண்ணாடியைத் துடை. அச்சை வை. கட்டத்துக்குக் கட்டம் சாயச் சிமெண்டை ஊற்று. அச்சைத் தூக்கு. மேலே காய்ந்த சிமெண்டு மணலைத் தூவு. அப்புறம் கலவை. காயவிட்டுத் தண்ணீரில் போடு. "அச்சைத் தூக்கு" என்ற வரிக்குப் பக்கத்தில், "இதை முன்னாடி செஞ்சா கலங்கிரும்" என்று வேறு எழுதியிருந்தான். நான் குறுக்கே ஒரு கோடு போட்டு, "கேட்டது தேநீர்" என்று எழுதினேன்.

நோட்டைக் கொடுக்கும்போது எழுந்து கேட்டான்: "சார், பச்சைக்குப் பதிலா சிவப்புன்னா மறுபடி எல்லாத்தையும் எழுதணுமா? இல்ல, நிறத்தை மட்டும் மாத்திச் சொன்னாப் போதுமா?"

உட்காரு என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. அளபுரு என்று ஒன்று உண்டு, செயற்கூறை (ஒரு வேலைக்கான நிரல் துண்டை) ஒருமுறை எழுதிவிட்டு வேண்டியதை மட்டும் வெளியிலிருந்து கொடுப்பது. அந்தப் பெயரைக் காதால்கூடக் கேட்காத பிள்ளை, ஓட்டு அச்சைப் பார்த்துத் தானாக அங்கே வந்து நின்றிருக்கிறான்.

பள்ளத்தூர் அக்கா

நான் விடுமுறையில் ஏழாவது பிள்ளைகளுக்கு எழில் மொழி சொல்லிக்கொடுத்தேன், தமிழிலேயே நிரல் எழுதலாமே என்று. 'பதிப்பி' (திரையில் காட்டு என்ற கட்டளை) வரைக்கும் ஒரே கொண்டாட்டம். நிபந்தனைக்கு வந்ததும் ஒருத்தி வாசித்தாள்: "மழை பெய்கிறது, ஆனால் குடை எடு. தப்பா இருக்கே அக்கா?"

எழிலில் நிபந்தனையை எழுதி, அதன் பின்னால் 'ஆனால்' என்று போட வேண்டும். அவள் காதில் அது ஆங்கிலத்து 'பட்' (but) என்று விழுகிறது. நான் திணறி நிற்க, பக்கத்துப் பெண் சொன்னாள்: "ஏய், எட்டு மணி ஆனா கடை திறப்பாங்க, அந்த ஆனா!" உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் அன்றைக்குத்தான் அந்தச் சொல் முழுசாகப் புரிந்தது.

காரைக்குடி மிஸ்

கோட்டையூர்க்காரர் சொன்ன := சரியான பிடி. அந்தப் பகுதியை நடத்தியதும் நான்தான், எனக்கே தோன்றவில்லை. திங்கட்கிழமை இரண்டு குறியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டப் போகிறேன்.

ஆத்தங்குடி சார், அந்தப் பையன் இப்போது என்ன படிக்கிறான்?

ஆத்தங்குடிப் பக்கத்து வாத்தியார்

ஒன்பதாவது மிஸ். எங்கள் பள்ளியில்தான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு அந்த வகுப்பு. பழைய நோட்டு வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். தேடிப் பார்க்கிறேன் என்றான்.