புதுப்பிப்பு: டயாலிசிஸின்போது அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடிப்பு

ஏற்காட்டிலிருந்து வாரம் மூன்று முறை சேலத்துக்கு டயாலிசிஸுக்கு வரும் அப்பாவுக்குக் கடைசி மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, "இடைப்பட்ட நாட்களில் ஏறும் எடையைப் பாருங்கள்" என்ற யோசனைதான். உடலில் தேங்கும் நீரால் மூன்றரை கிலோ ஏறியிருந்தது! ஊறுகாயும் அப்பளமும் தாகத்தைக் கிளப்பியிருக்கின்றன. நிறுத்தியதும் ஏற்றம் இரண்டு கிலோவுக்குள் வந்தது. நான்கு மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டிய நீர் குறைந்ததால் பிடிப்பும் நின்றது. டாக்டர், ரத்தத்தைச் சுத்திகரிக்க இயந்திரத்தில் ஓடும் டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தையும் 36 டிகிரிக்கு இறக்கினார். அதற்கும் பங்கு இருக்கலாம்.

எதிர்பாராத ஒன்று: ஒரு முறைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் திரவம் செலவாவதைக் கேட்டு அப்பா பதறிவிட்டார். அந்தத் திரவத்துக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது கழியும் நீர் அங்கே கழிப்பறைப் பயன்பாட்டுக்குப் போகிறது என்றதும்தான் சமாதானமானார். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தூங்கிக்கொண்டே வருகிறார்.