டீம் லீட் ஆன பிறகும் கோட் எழுத வேண்டுமா?

நைட்ஷிப்ட்:
"மென்பொருள் குழுவுக்குப் புதிதாக டீம் லீட் ஆனவர் முதலில் கோட் எழுதுவதை நிறுத்த வேண்டும். கூகுள் பட்டியலிலேயே தொழில்நுட்பத் திறமைக்கு எட்டாவது இடம், அதாவது கடைசி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நல்ல மேனேஜரிடம் என்ன இருக்கிறது என்று 2008-இல் கூகுள் ஆரம்பித்த ஆய்வு அது, பெயர் ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன். அதில் தேறிய எட்டுக் குணங்களில் இதுவும் ஒன்று. எட்டாவது என்றாலும் உள்ளே இருக்கிறது!

பழையலீட்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். எட்டில் எட்டாவது என்றால் கடைசிதான். முதலாவது, ஆட்களை வளர்த்துவிடுவது. இரண்டாவது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காமல் இருப்பது. புது லீடுகள் சறுக்குவது இந்த இரண்டில்தான். ஜூனியர் தன் கோடில் உள்ள ஒரு பிழையைச் சரிசெய்யத் திணறினால் பொறுக்காது. ராத்திரியே தானே சரிசெய்துவிடுவார்கள். அந்தப் பையன் எப்போது கற்றுக்கொள்வான்?

நைட்ஷிப்ட்:
கோட் தெரியாத லீட், கிளையன்ட்டிடம் "ரெண்டே நாளில் தருகிறோம்" என்று வாக்குக் கொடுப்பார். தூக்கத்தைத் தொலைப்பது நாங்கள். எனக்கு வாய்த்தவர் அப்படித்தான். வருடாந்திர அப்ரைசலில் என் வேலைக்கான ரேட்டிங்கையும் குறைத்துவிட்டுப் போனார். அப்புறம், 2018-இல் அந்தப் பட்டியல் பத்தாகிவிட்டது. எட்டாவதுக்குக் கீழே இன்னும் இரண்டு இருக்கின்றன. இப்போதும் கடைசியா?

பழையலீட்:
பத்தானாலும் எட்டாவது எட்டாவதுதான். ஒரு படிகூட ஏறவில்லை. 2002-இல் கூகுள் பொறியாளர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது. சில மாதங்கள்தான் தாங்கியது. செலவுக் கணக்குக்கும் சண்டை சச்சரவுக்கும் நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றார்கள். மேனேஜர் வேலை அதுதான், கோட் இல்லை.

மதுரைக்காரி:
நேற்று வரை கூட டீ குடித்தவனுக்கு இன்று ரேட்டிங் போட வேண்டும். புது லீடுக்குப் பெரிய பாரம் அதுதான். வாராவாரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினாலே பாதி மனக்கசப்பு குறையும். அதைப் பேசுவோமே?

நைட்ஷிப்ட்:
பேசலாம் மேடம். முதலில் எட்டாவது கடைசி இல்லை என்று அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

சேப்பாக்கம்:
தோனி முதல்முறை கேப்டன் ஆன தொடர் 2007 டி20 உலகக் கோப்பை. இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. அனுபவசாலி ஹர்பஜனுக்கு ஓவர் மீதி இருந்தும், அனுபவம் குறைந்த ஜோகிந்தர் சர்மாவிடம் பந்தைக் கொடுத்தார். முதல் பந்தே வைட், அப்புறம் மிஸ்பா ஒரு சிக்ஸர். கடைசியில் ஐந்து ரன்னில் ஜெயித்தோம். நம்பிக் கொடுப்பதுதான் தலைமை.

நைட்ஷிப்ட்:
பெவிலியனில் உட்கார்ந்துகொண்டா கொடுத்தார்? ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நின்றார் அய்யா! கோட் எழுதும் லீட் என்றால் அவர்தான்.

சேப்பாக்கம்:
பந்து போட்டது தோனியா? மேட்ச்சை மறுபடி பாருங்கள்.

நைட்ஷிப்ட்:
நேரலையிலேயே பார்த்தவன் நான். கிரிக்கெட் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பழையலீட்:
இவர் எல்லா இடத்திலும் இப்படித்தான். நோட்டீஸ் பீரியட் விவாதத்திலும் யாரையும் பேசவிடவில்லை.

நைட்ஷிப்ட்:
நோட்டீஸ் பீரியடில் நான் சொன்னதுதான் சரி. ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் ஒருவனைக் கட்டிவைப்பது அநியாயம். அதை நியாயப்படுத்தியவர் நீங்கள். இங்கே வந்து ஆட்களை வளர்ப்பதைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள்!

பழையலீட்:
நியாயப்படுத்தவில்லை. கையெழுத்துப் போடும்முன் ஆஃபர் லெட்டரைப் படியுங்கள் என்றுதான் சொன்னேன்.