போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை, லேப் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை

வடசென்னைவாசி:
தெருமுனையில் பெட்ரோல் பங்க். மழை முடிந்ததிலிருந்து போர் தண்ணீரில் லேசாகப் பெட்ரோல் வாடை. லேபில் கொடுத்தோம், எண்ணெயும் கிரீஸும் இல்லை என்று வந்துவிட்டது. குடிக்க கேன் தண்ணீர்தான், குளிக்க மட்டும் போர். கொதிக்கவைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

மொட்டைமாடி:
குடிக்கவில்லை என்றால் பயம் எதற்கு? நாலு நாள் மோட்டார் ஓடினால் வாடை போய்விடும்.

மண்ணும்நீரும்:
கொதிக்கவே வைக்காதீர்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் 80 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கு, கதவு சாத்திய பாத்ரூமில் சூடு பண்ணினால் தண்ணீரில் இருந்தது மூச்சில் போகும், அதுவும் குழந்தைகள் எடைக்கு அதிகமாகக் காற்றை இழுப்பவர்கள். இது ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது, நாக்குக்குச் சுவை தெரியவே அரை மில்லிகிராமாவது வேண்டும். வாடை போனதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மொட்டைமாடி சார்.

பிப்பெட்:
லேப் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். எண்ணெய், கிரீஸ் சோதனையில் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கச் சேர்த்த கரைப்பானை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தை எடை போடுவார்கள், பெட்ரோல் அதோடு சேர்ந்து பறந்துவிடும். கழிவெண்ணெய், கிரீஸ் மாதிரி கனமானதற்குத்தான் அந்தச் சோதனை. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். லேபே தரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். கேன் தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் போனால் காசு வேஸ்ட்.

வடசென்னைவாசி:
அப்புறம் ஒன்று. தரைத்தள அறைக்குள்ளும் சாயங்காலம் அதே வாடை. சம்ப் அங்கேதான் இருக்கிறது.

மண்ணும்நீரும்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் தண்ணீரைவிடக் காற்றுதான் அவசரம். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், ஆவி மண் வழியாக மேலே வரும். நடுவில் காற்றோட்டமுள்ள நல்ல மண் பதினைந்து அடி இருந்தால் பெரும்பாலும் கிருமிகளே தின்று தீர்த்துவிடும், ஆனால் மழைக்குப் பிறகு நம் பக்கம் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க்குழாய் கசிந்தபோதும் போர் தண்ணீர் வாடையில்தான் ஜனங்களுக்குத் தெரியவந்தது. சம்ப் பக்கம் தீக்குச்சி, சுவிட்ச் எதுவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தையை வேறு வீட்டில் படுக்கவைத்து, தீயணைப்புத் துறைக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இன்றே சொல்லுங்கள். பங்க் டேங்கைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.