ப்ரூஸ் டிக்கின்சனை விற்பனைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி (பயிற்சிப்பட்டறை):
விற்பனைக் குழுவுக்கு 20 நிமிட உரை. அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் இப்போது நிறுவனங்களில் பிசினஸ் உரை நிகழ்த்துகிறாரே, அவரை உதாரணமாக எடுக்கிறேன். "ராக்கை விட்டுப் பேச்சாளரானவர்" என்று அறிமுகப்படுத்தலாமா? "வாடிக்கையாளரை ரசிகராக்கு" என்பதைத் தாண்டி என்ன இருக்கிறது? பாட்டுகளை எந்த ஊரில் அதிகமாகத் திருட்டு டவுன்லோட் செய்கிறார்கள் என்று பார்த்து இசைக்குழு அங்கே டூர் போட்டதாகச் சொல்லும் கதையையும் சேர்க்கலாமா?

பதில் (மேளக்காரன்):
விட்டவர் இல்லை. குழுவில் 1981இல் சேர்ந்தார், 1993இல் விலகினார், 1999இல் திரும்பினார். பாட்டோடு பைலட் வேலையும் பார்த்தவர், மேடை உரையும் கூடவே ஓடுகிறது. அறிமுகத்தில் சறுக்கினால் கூட்டத்தில் ஒரு மெட்டல் ரசிகர் இருந்தாலே போதும், மானம் போய்விடும்.

பதில் (சரக்குக்கணக்கு):
டூருக்கு அவர்கள் விமானம் எடுத்த கதையைச் சொல்லுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2008 டூர் பிப்ரவரி 1 மும்பையில் தொடங்கி, 45 நாளில் 23 கச்சேரி. மும்பைக்கு அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த். ஆட்கள் ஒரு விமானத்திலும் பெட்டிகள் வேறு சரக்கு விமானத்திலும் போனால், ஒன்று தாமதித்தாலே கச்சேரி ரத்து. அந்தப் பயத்தில் நடுவே சும்மா நாட்கள் விட வேண்டும். அந்த நாட்களுக்கும் ஹோட்டல், சம்பளம் உண்டு. அதனால் ஆஸ்ட்ரேயஸ் என்ற ஏர்லைனின் போயிங் 757ஐக் குத்தகைக்கு எடுத்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றி, ஆட்களோடு சுமார் 12 டன் சாமான்களையும் ஏற்றினார்கள். ஐரோப்பாவில் மொத்தமாக வாடகைக்கு விடும் சார்ட்டர் விமானங்களுக்குக் குளிர்காலத்தில் வேலை குறைவு என்பதும் கைகொடுத்தது. டிக்கின்சன் அப்போது அந்த ஏர்லைனிலேயே கேப்டனாக இருந்ததால் இசைக்குழு, ஏர்லைன் என இரண்டு பக்கக் கணக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபத்தையும் சொல்லுங்கள். 2016 டூருக்கு இன்னும் பெரிய போயிங் 747-400 விமானம் எடுத்தார்கள். சிலியின் சாண்டியாகோவில் இழுத்துச் செல்லும்போது இழுவை வண்டியில் மோதி, இரண்டு எஞ்சின்கள் சேதம். எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் வைத்தால் அது நிற்கும் நாளுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்.

பதில் (மைக்டெஸ்ட்):
டவுன்லோட் கதை வேண்டவே வேண்டாம். 2013இல் மியூசிக்மெட்ரிக் என்ற நிறுவனத்தின் அலசலை வைத்துக் கிளம்பிய செய்தி அது. இசைக்குழு அந்தத் தரவைப் பயன்படுத்தவே இல்லை என்று பிறகு திருத்தம் வந்தது. கதை மட்டும் இன்னும் ஸ்லைடு ஸ்லைடாகச் சுற்றுகிறது.

பதிலுக்கு அயர்ன் மெய்டன் பெயரில் வந்த ட்ரூப்பர் பீரைச் சொல்லலாம். 2013இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் உள்ள ராபின்சன்ஸ் பீர் ஆலையோடு சேர்ந்து, 4.7 சதவீத ஆல்கஹாலோடு வந்தது. பெயரைப் பார்த்து முதல் கிளாஸ் வாங்குவார்கள். ருசி இல்லையென்றால் இரண்டாவது போகாது. அதனால்தான் லேபிளுக்குப் பெயரை மட்டும் கொடுக்காமல், ருசி பார்த்துக் கலவையிலும் டிக்கின்சன் கைவைத்தார்.

பாட்டுத் துணுக்கு ஒலிக்கவிட்டால் 15 விநாடியில் நிறுத்துங்கள். பேச்சு மைக்கின் அளவை அதற்கு முன்பே செட் பண்ணிவிடுங்கள். பாட்டு சத்தத்துக்கு ஈடாக அப்புறம் ஏற்றினால் ஸ்பீக்கர் கூவும்.

பயிற்சிப்பட்டறை:
டவுன்லோட் ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். 757க்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்?

சரக்குக்கணக்கு:
பன்னிரண்டு. சாண்டியாகோவுக்கு மூன்று, பீருக்கு மூன்று, மிச்சம் கேள்விகளுக்கு. அவருக்கு வந்த புற்றுநோயை நடுவில் நுழைத்தால் நேரம் அதிலேயே போய்விடும்.