கனடாப் பாஸ்போர்ட்டோடு கோப்பாயில் காணி வாங்கப் போனேன்

நான் இலங்கையில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்தவன், இப்போது கனடாப் பிரஜை. எங்கள் வளவோடு ஒட்டிய நாலு பரப்புக் காணியைச் சித்தப்பா விற்கப்போகிறார் என்றதும், வெளியாளுக்குப் போய்விடக்கூடாது என்று விலை பேசி முற்பணமும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் நொத்தாரிசிடம் போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், "தம்பி, உங்கட பெயரில உறுதி எழுத ஏலாது" என்றார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்க முடியாதாம். நான் இந்த ஊரில்தானே பிறந்தேன் என்றேன். கனடாப் பிரஜாவுரிமை எடுத்தபோதே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது என்று விளக்கினார். இத்தனை வருடமும் அதை நான் யோசிக்கவே இல்லை.

99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாமாம். சித்தப்பாவின் காணியில் குத்தகைக்காரனாக இருக்க மனம் வரவில்லை. மச்சானின் பெயரில் எழுதிவிட்டு ஒரு கடிதம் வாங்கி வை என்று சொந்தக்காரர் சொன்னார்கள். மச்சான் நல்லவர்தான், ஆனால் உறுதியில் அவர் பெயர் இருந்தால் காணி அவருடையது, அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுடையது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

சரி என்று இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தேன், அது இருந்தால் தடை இல்லை. சான்றிதழ் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் சித்தப்பா காத்திருந்தார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் லண்டனில் இருக்கிறேன். 2016இல் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு பார்த்தபோது எங்களுக்கும் இதே சிக்கல். அப்போது அடுக்குமாடியில் நாலாம் மாடியும் அதற்கு மேலும் என்றால் வெளிநாட்டவர் வாங்கலாம், ஆனால் உறுதி எழுதுவதற்கு முன்பே முழுப்பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கீழ்வீடுதான் கேட்டார். நாலாம் மாடிதான் கிடைத்தது.

*

தம்பி, உங்கள் கோப்பாய்ப் பதிவை நானும் படித்தேன். எனக்கு அப்பாவின் காணி வாரிசாக வந்தது, அதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் நான் ஊருக்கே போகவில்லை. போனபோது பக்கத்து வளவின் வேலி எங்கள் கிணற்றடி வரை வந்திருந்தது. ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் அதற்கு உரிமை கோரலாம், அதனால் நான் உடனே நிலஅளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக்கல் போட்டேன். நீங்களும் உறுதி கையில் வந்ததும் முதலில் அளந்து வேலி அடையுங்கள்.