கதிர்காமப் பாதயாத்திரை: திருகோணமலையில் எங்கே தங்கலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வாற ஆக்களோட திருகோணமலையில் சேர்ந்து வெருகல் வரை நடக்க விருப்பம். ரெண்டு நாள் முந்தியே வந்தால் எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம்?

பதில் 1: டவுனுக்குள்ளேயே தங்குங்கோ, கோணேசர் கோயில் நடைதூரம். உப்புவெளியில் கடற்கரை விடுதிகள் நிறைய, ஆனா மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியான சீசன் என்பதால் முன்கூட்டியே கேட்டுவைக்க வேணும். யாத்திரைக் குழுவோட சேர்ந்தபிறகு கோயில் மண்டபம்தான். பாய், மெல்லிய போர்வை, நுளம்புத்திரி கட்டாயம்.

ஒரு பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கோ. ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. இறங்கிக் குளிக்கேலாது, வாளியால அள்ளித்தான் ஊத்த வேணும்.

பதில் 2: தங்குறதை விடப் பாதங்களைக் கவனியுங்கோ தம்பி. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு 10 மணிக்குள்ள நிழலுக்குப் போயிட வேணும். அதுக்குப் பிறகு தார் றோட்டு கொதிக்கும், வெறுங்காலில் நடந்தால் பாதம் கொப்பளிக்கும். கொப்பளத் தோலை உரிக்காதேங்கோ, கிருமி உள்ளுக்குப் போயிடும். உடம்பில நீர் வத்தாமல் இருக்கக் குடிக்கிற ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட் ஒண்டை ஒரு லீற்றர் தண்ணியில் முழுசாகக் கரையுங்கோ. பாதியாகப் பிரிச்சால் உப்பின் அளவு பிழைக்கும்.

பதில் 3: கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் வெட்டவெளி அதிகம். தொப்பியும் ரெண்டு லீற்றர் தண்ணியும் கையில் இருக்கட்டும். கதிர்காமக் கொடியேற்றத் திகதி வருசா வருசம் மாறும், அதைப் பார்த்துத்தான் குழு வாற நாளைக் கணக்கிட வேணும்.